ஃபிளாய்ட் ரோஸ் ஒரிஜினல்: சொல்லிச் செய்யும் கிட்டாரில் பொருத்தும் முன் தெரிய வேண்டியவை

நம் விருப்பப்படி சொல்லிச் செய்ய வைக்கும் எலக்ட்ரிக் கிட்டாரில் லாக்கிங் ட்ரெமொலோ (கம்பிகளைப் பூட்டி வைத்து, ஒரு கைப்பிடியால் சுருதியை ஏற்றி இறக்க விடும் பிரிட்ஜ்) வேண்டும் என்று முடிவாகிவிட்டால், ஃபிளாய்ட் ரோஸ் ஒரிஜினலையே போடுங்கள். 'ஸ்பெஷல்' என்ற வகை ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது அல்ல. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரிஜினலையே வாங்கிவிட்டு, சுருதி நிற்கவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் குற்றம் பிரிட்ஜில் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகத்தில்) இருக்காது. நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் கடந்து போகும் பாகம்) உட்காரும் மரத்திலோ, பிரிட்ஜைத் தாங்கும் இரண்டு போஸ்ட்டுகளை இறக்கிய துளையிலோ, ஸ்ப்ரிங்கைச் சரிக்கட்டிய விதத்திலோதான் இருக்கும்.

ஃபிளாய்ட் டி. ரோஸ் 1970களில் உருவாக்கி, 1979இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ட்யூனரில் சுற்றிய சுற்று, நட்டின் பள்ளம், நுனிக் குண்டு மாட்டிய இடம் என்று கம்பி நழுவ வாய்ப்புள்ள இடமெல்லாம் சுருதி கெடும் இடம். நட்டிலும் சேடிலிலும் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் படியும் துண்டு) கம்பியை இறுக்கிப் பூட்டிவிட்டால் இடையில் நழுவ இடமே இல்லை. முதலில் வந்த வகையில் ஃபைன் ட்யூனர் (பூட்டிய பிறகும் சுருதியைச் சற்றுத் திருத்தும் திருகு) கிடையாது. பூட்டும்போது சுருதி கொஞ்சம் விலகினால் நட்டை மறுபடி திறக்க வேண்டும். அதனால்தான் பிரிட்ஜின் பின்பக்கம் ஆறு ஃபைன் ட்யூனர்கள் வந்தன. 1980களில் கிரேமர் கிட்டார்களோடு பரவியது இந்த வடிவம்தான்.

காசு எங்கே போகிறது என்றால், உலோகத்தில். ஒரிஜினலின் அடித்தட்டு கடினப்படுத்திய எஃகு, கீழே தொங்கும் பிளாக் பித்தளை. ஸ்பெஷலில் சேடிலும் பிளாக்கும் துத்தநாகக் கலவை. மாதக்கணக்கில் இறுக்கித் தளர்த்தும் சேடில் திருகின் மரைகள் மென்மையான உலோகத்தில் சீக்கிரம் தேய்கின்றன. முழு எடையும் நிற்பது அடித்தட்டின் முன்விளிம்பில் உள்ள இரண்டு கத்திமுனைகளில். அவை போஸ்ட்டின் பள்ளத்தில் முனையளவே தொட்டு ஆட வேண்டும். முனை மழுங்கினால் ஆர்மை (கைப்பிடியை) அழுத்தி விடும்போது பிரிட்ஜ் ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் வந்து நிற்கும். அதன் பிறகு எந்த செட்டப்பும் உதவாது.

கிட்டார் செய்பவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டிய விஷயங்கள் இவை. போஸ்ட்டை நேரே மரத்தில் திருக விடாதீர்கள். எஃகு இன்சர்ட் (உள்ளே மரை கொண்ட குழல்) இறக்கி அதில் திருகச் சொல்லுங்கள். 9-42 கம்பிகள் (மெல்லியது 0.009 அங்குலம், தடித்தது 0.042 அங்குலம்) சாதாரண சுருதியில், 25.5 அங்குல நீளத்தில், மொத்தம் சுமார் 38 கிலோ இழுக்கும். 10-46 என்றால் 47 கிலோ. பாஸ்வுட் மாதிரி மென்மையான மரத்தில் திருகிய போஸ்ட் இந்த இழுப்பில் நாளடைவில் நெக் பக்கம் சாய்ந்துவிடும். அடுத்து பிளாக்கின் நீளம். வழக்கமானது 37 மி.மீ. உடல் மெல்லியதென்றால் 32, தடித்ததென்றால் 42. சுமார் 45 மி.மீ. தடிமன் உள்ள உடலுக்கு 37 போதும். தவறாக நீளமானதை வாங்கினால் அது பின்பக்கக் குழியை விட்டு வெளியே துருத்தும்.

பிரிட்ஜை உடலுக்குள் இறக்கிக் குழி வெட்டப் போகிறாரா, மேலேயே நிறுத்தப் போகிறாரா என்பதையும் கேளுங்கள். மேலே நிறுத்துவதானால் நெக்குக்குச் சற்றுச் சாய்வு வேண்டும். இல்லாவிட்டால் போஸ்ட்டை எவ்வளவு இறக்கினாலும் கம்பி உயரமாகவே நிற்கும். ஆர்மை மேலே இழுத்தும் வாசிக்க வேண்டுமானால் பிரிட்ஜுக்குப் பின்னால் ஆழமான குழி அவசியம். இன்னொரு சின்ன வேலை: ஸ்ப்ரிங் மாட்டும் க்ளாவில் எர்த் வயரைச் சால்டர் செய்தார்களா என்று பாருங்கள். விட்டுப்போனால் கம்பியைத் தொடாதபோதும் தொடும்போதும் ஒரே இரைச்சல்தான்.

நட்தான் பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் பாகம். மற்ற கிட்டார்களில் நட்டின் பள்ளத்தை அரத்தால் தேய்த்து உயரத்தைக் குறைக்கலாம். இங்கே நட் கடினமான எஃகு, தேய்க்க முடியாது. உயரமாக இருந்தால் கீழுள்ள மரத்தைத்தான் குறைக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் அடியில் முழு அகலத்துக்குப் பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும். காகிதத்தை மடித்து வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், அது நசுங்கி உயரம் மாறிக்கொண்டே இருக்கும். கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தும்போது முதல் ஃப்ரெட்டுக்கு மேலே மெல்லிய இடைவெளி தெரிந்தால் உயரம் சரி. முழுக்க ஒட்டிக்கொண்டால் திறந்த கம்பி இரையும்.

நட்டுக்குப் பின்னால், ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் கம்பி அழுத்தும் கட்டை அலங்காரத்துக்கு அல்ல. நட்டின் பின்பாதி வளைந்து இறங்கும். பூட்டுவதற்கு முன்பே கம்பி அந்த வளைவில் படிந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: கம்பிக்கும் நட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால், பூட்டும்போது அந்தத் தூரம் கம்பி கீழே அழுந்தும், சுருதி ஏறிவிடும். கட்டையின் இரண்டு திருகுகளையும் இறக்கினால் தீர்ந்தது.

இனி செட்டப். நெக்கின் வளைவை முதலில் சரிசெய்யுங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட் அருகே 0.2 மி.மீ. அளவு இடைவெளி இருக்கும்படி ட்ரஸ் ராடைத் (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்தும் தண்டை) திருப்புங்கள். அடுத்துச் செய்வதுதான் பாதி வேலையை மிச்சப்படுத்தும். பின்மூடியைக் கழற்றி, பிளாக்குக்கும் குழியின் கடைசிச் சுவருக்கும் (ஸ்ட்ராப் மாட்டும் பக்கம்) நடுவே ஒரு மரத்துண்டைச் செருகுங்கள். அடித்தட்டு உடலுக்கு இணையாக நிற்கும் அளவுக்கு மரத்துண்டைத் தேய்த்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் சுருதி சேர்க்க ஆரம்பித்தால் தராசுத் தட்டு மாதிரி ஆடும்: ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும், அவற்றை ஏற்றினால் முதல் கம்பி இறங்கும்.

கம்பி மாட்டும்போது குண்டையும் அதை ஒட்டிய முறுக்கையும் சேர்த்து வெட்டிவிடுங்கள். முறுக்குப் பகுதி சேடிலுக்குள் அகப்பட்டால் பூட்டு சரியாகப் பிடிக்காது. சேடிலுக்குள் இருக்கும் சின்னச் சதுரக் கட்டைதான் கம்பியைக் கவ்வுகிறது. கம்பி நட்டநடுவில் நிற்க வேண்டும், ஓரமாகப் போனால் கட்டை சாய்ந்து ஒரு பக்கம் மட்டும் தேயும். பின்னால் இருக்கும் நீண்ட திருகுக்கு 3 மி.மீ. ஆலன் கீ. உறுதியாக இறுக்குங்கள், முழுப் பலத்தையும் போடாதீர்கள். அதிகமாக இறுக்கினால் கட்டையில் கம்பி அளவுக்குப் பள்ளம் விழும், கடைசியில் விரிசலும் விடும். அடுத்த முறை மாட்டும் கம்பி அந்தப் பழைய பள்ளத்துக்குள் போய்த் தளர்வாக உட்காரும். வாங்கும்போதே ஒரு செட் கட்டைகளைச் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது.

நட்டைப் பூட்டாமல், மரத்துண்டு இருக்கும்போதே சுருதி சேர்த்து, ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்து இழுத்து நீட்டுங்கள். இறங்குவது நிற்கும் வரை விடாதீர்கள். பிறகு கம்பியின் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு 1.8 மி.மீ., மெல்லியதற்கு 1.5 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். போஸ்ட்டைத் திருப்பும் முன் எல்லாக் கம்பிகளையும் தளர்த்துங்கள். இதில் நான் கறாராக இருப்பேன். முழு இழுப்பில் போஸ்ட்டைத் திருப்பினால் கத்திமுனை பள்ளத்தில் அரைபடும். நல்ல பிரிட்ஜுகள் வீணாவதற்கு முதல் காரணம் இதுதான். போஸ்ட் பள்ளத்தில் துளி கிரீஸ் தடவுவதும் இந்த நேரத்தில்தான்.

இந்த பிரிட்ஜில் நம் பொறுமையைச் சோதிக்கும் வேலை இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக ஒலிக்கும்படி சேடிலை நகர்த்துவது). சேடிலை நகர்த்தத் தனித் திருகு கிடையாது. கம்பியை நன்றாகத் தளர்த்தி, சேடிலின் முன்னால் உள்ள 2.5 மி.மீ. திருகைத் தளர்த்தி, கையால் தள்ளி, இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரத்தைவிட) ஏறி ஒலித்தால் சேடில் பின்னால் போக வேண்டும், இறங்கி ஒலித்தால் முன்னால். அரை மி.மீ., அரை மி.மீட்டராக நகர்த்துங்கள். இதற்கென்று விற்கும் சின்ன இன்டோனேஷன் கருவியை மாட்டினால் கம்பியின் இழுப்பிலேயே நகர்த்தலாம். ஒரே ஒரு கிட்டார் வைத்திருப்பவருக்கும் அது பயன்படும்.

இப்போதுதான் ஸ்ப்ரிங். 9-42க்கு மூன்று, 10-46க்கு மூன்று அல்லது நான்கு. சுருதி முழுக்கச் சேர்ந்திருக்கும் நிலையில் க்ளாவின் இரண்டு திருகுகளையும் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் மரத்துண்டு தானாகத் தளர்ந்து கையோடு வரும். அந்த இடத்தில் ஸ்ப்ரிங்கும் கம்பியும் சமம். சுருதியைச் சரிபாருங்கள், ஏறியிருந்தால் க்ளாவைச் சற்றுத் தளர்த்துங்கள், இறங்கியிருந்தால் இறுக்குங்கள். ட்யூனரை இப்போது தொடக் கூடாது. ஃபைன் ட்யூனர்களைச் சுருதி சேர்க்கத் தொடங்கும் முன்பே பாதிக்கு மேல் வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும்; இனி நட்டைப் பூட்டுங்கள். புதுக் கம்பி இறங்கத்தான் செய்யும், உள்ளே திருக இடம் மிச்சம் வேண்டும்.

எல்லாம் முடிந்தும் சுருதி திரும்பி வரவில்லையா? ஒரே ஒரு கம்பி மட்டும் விலகினால் சந்தேகம் பூட்டின் மேல். நட்டின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் கம்பியில் மார்க்கரால் கோடு போட்டு, கம்பிகள் தொங்கும் வரை ஆர்மை அழுத்தி விடுங்கள். கோடு நகர்ந்திருந்தால் நட் பிடிக்கவில்லை. நகரவில்லையென்றால் சேடில் பக்கம் பாருங்கள். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஒரே திசையில் விலகினால், அழுத்தியபின் இறங்கியும் இழுத்தபின் ஏறியும் நின்றால், கத்திமுனையோ போஸ்ட்டோதான் காரணம். போஸ்ட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் இன்சர்ட் தளர்ந்திருக்கிறது. ஆடாவிட்டால் பிரிட்ஜைக் கழற்றி முனைகளை வெளிச்சத்தில் பாருங்கள், தேய்ந்த முனை பளபளவென்று தட்டையாகத் தெரியும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. சேடில்களைத் தனித்தனியாக உயர்த்த முடியாது. வளைவு மாறிக்கொண்டே போகும் ஃப்ரெட்போர்டு கேட்டிருந்தால், அடியில் ஷிம் வைத்துத்தான் பொருத்த வேண்டியிருக்கும். ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறி, பாட்டு அங்கேயே நின்றுவிடும். ஒரு கம்பியை வளைத்து வாசிக்கும்போது திறந்து ஒலிக்கும் மற்றவை இறங்கும். பிரிட்ஜில் கையை ஊன்றி வாசிப்பவர் அழுத்தம் பழகியாக வேண்டும். தடித்த ஈ கம்பியை டி-க்கு இறக்கும் டி-ட்யூனா, ஆர்மை மேலே இழுக்க முடியாதபடி பிரிட்ஜைத் தடுத்த கிட்டாரில்தான் வேலை செய்யும். ஒரே மேடையில் பல சுருதிகளில் வாசிப்பவருக்கு இது ஏற்ற பிரிட்ஜ் அல்ல.

மாற்று வேண்டுமென்றால் ஜப்பானின் கோட்டோ ஜி.இ. 1996டி-யைப் பாருங்கள். போஸ்ட்டை அந்த உயரத்திலேயே பூட்டிவிடும் வசதி அதில் உண்டு, ஆர்மும் ஆட்டமில்லாமல் உட்காரும். ஒரிஜினலின் ஆர்மில் வாஷர் தேயத் தேயக் கொஞ்சம் ஆட்டம் வரும். ஆனால் கட்டை, திருகு, ஷிம், பிளாக் என்று உதிரிப் பாகங்கள் எளிதாகக் கிடைப்பது ஒரிஜினலுக்குத்தான். கடலோர ஊரில் இருப்பவருக்கு அது பெரிய விஷயம். உப்புக் காற்றும் கை வியர்வையும் சேர்ந்து முதலில் துருவேற்றுவது சேடிலின் 2.5 மி.மீ. திருகுகளைத்தான். துருவேறிய தலையில் மலிவு ஆலன் கீயைப் போட்டுத் திருகினால் அறுகோணம் வட்டமாகிவிடும். நல்ல கீ ஒரு செட், திருகுகள் ஆறு, கட்டைகள் ஆறு — பிரிட்ஜோடு சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள்.