மின்னாற்பகுப்பு கிட்: வாங்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் செய்முறைத் தாளை நம்பாதீர்கள்

மகள் எட்டாம் வகுப்பு. மின்னாற்பகுப்பை, அதாவது மின்சாரம் செலுத்தித் தண்ணீரைப் பிரிப்பதை, கண்ணால் பார்க்கட்டும் என்று ஆன்லைனில் 480 ரூபாய்க்கு இந்த கிட்டை வாங்கினேன். பிளாஸ்டிக் டப்பா, மூடி, இரண்டு சோதனைக்குழாய், 9 வோல்ட் பேட்டரிக்கு ஒயர், இரண்டு ஸ்டீல் கம்பி, இரண்டு கார்பன் கம்பி. பொருளில் குறை இல்லை, கிளிப் எல்லாம் நன்றாகக் கவ்வுகிறது.

குறை தாளில்தான். தண்ணீரில் இரண்டு ஸ்பூன் உப்பு போட்டால் ஒரு குழாயில் ஹைட்ரஜன், இன்னொன்றில் ஆக்சிஜன் சேரும் என்று அச்சடித்திருக்கிறார்கள். கார்பன் கம்பி மாட்டிச் செய்தோம். எதிர்முனைக் குழாயில் வாயு மளமளவென்று சேர்ந்தது. "அம்மா, இது மட்டும் ஏன் நிரம்பவே மாட்டேங்குது?" என்று நேர்முனைக் குழாயைக் காட்டினாள், அதற்குள் நீச்சல்குளத்து நெடி மூக்கில் ஏறிவிட்டது. ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன். உப்புத் தண்ணீரில் நேர்முனையில் முக்கியமாக வருவது ஆக்சிஜன் இல்லை, குளோரின். அதில் பெரும்பகுதி தண்ணீரிலேயே கரைந்துவிடும், அதனால்தான் குழாய் நிரம்பவில்லை. எதிர்முனையில் ஹைட்ரஜனோடு காஸ்டிக் சோடா என்கிற அரிக்கும் காரப்பொருளும் உண்டாகிறது. தொழிற்சாலைகளில் காஸ்டிக் சோடா எடுப்பதும் இப்படி உப்புக்கரைசலில் மின்சாரம் செலுத்தித்தான்.

மறுநாள் மொட்டை மாடியில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுப் பார்த்தோம். எதிர்முனைக் கம்பியைச் சுற்றி அப்படியே ஆரத்தித் தண்ணீர்ச் சிவப்பு! ஆரத்தியில் சுண்ணாம்பு செய்கிற வேலையை இங்கே காஸ்டிக் சோடா செய்கிறது. நேர்முனைப் பக்கம் மஞ்சள் வெளுத்தே போய்விட்டது. அவள் அரை மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்காகவே காசு கொடுக்கலாம்.

ஆனால் இதெல்லாம் அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டும்: குளோரின் நுரையீரலை அரிக்கும், காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், எனவே மூடிய அறையில் கீழே தங்கிவிடும், அதுவும் உயரம் குறைந்த குழந்தைகளின் மூக்கருகே. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பிடிக்கும், குளோரினோடு கலந்தால் நல்ல வெயில் பட்டாலே வெடிக்கலாம். அப்படியிருக்க எதற்கு அந்த மூடி? அதை நான் குப்பையில் போட்டுவிட்டேன். ஸ்டீல் கம்பியை நேர்முனையில் உப்போடு மாட்டினால் கம்பியே கரைந்து, குரோமியமும் நிக்கலும் கலந்த அழுக்குக் கசடு வரும், அதில் கை வைக்கவே கூடாது. மிச்சத் தண்ணீரும் ஒரு பிளீச் கரைசல்தான். ஆசிட் ஊற்றிக் கழுவுகிற கழிவறையில் கொட்டினால் மறுபடியும் குளோரின் கிளம்பும்.

நிஜமாகவே ஆக்சிஜன் வேண்டுமென்றால் உப்புக்குப் பதில் ஒரு ஸ்பூன் சலவைச் சோடா போடுங்கள், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. இரண்டு பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு ஆக்சிஜன் என்று புத்தகத்தில் இருக்கிற கணக்குக்குப் பக்கத்தில் வருகிறது. வெளியே உட்கார்ந்து, பெரியவர் ஒருவர் கூடவே இருந்து செய்யுங்கள். பேட்டரிதான், சார்ஜரோ வீட்டுக் கரண்டோ வேண்டாம்.

கிட்டுக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்திருப்பேன். தாளால் இரண்டு. விற்பவருக்குத் திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறேன், புதுத் தாள் போட்டால் இந்த ரிவ்யூவையும் மாற்றிவிடுகிறேன்.