அது கிராண்ட் இல்லை, என் பெயரில் எடுத்த கடன்

யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு பிரிட்டன் அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை) எடுக்கிற நம் ஆட்கள், முக்கியமாக டிரைவிங் பழக நினைக்கிற பெண்கள், இதை ஒருக்கா வாசித்துவிட்டுப் போங்கள். "பெனிபிட்டில இருக்கிற ஆக்களுக்கு அரசாங்கம் இலவசமா லெசன் தருது, போர்ம் நான் நிரப்பித் தாறன்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். நான் சாத்தவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

லண்டனில் ஹரோ பக்கம் இருக்கிறேன். ஒரு மகன். பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் பகுதி நேர வேலை, மிச்சத்துக்கு யூனிவர்சல் கிரெடிட். வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கிற கெயர் வேலைக்கு விண்ணப்பித்த இடமெல்லாம் ஒரே கேள்விதான்: லைசன்ஸ் இருக்கா, கார் இருக்கா? யாழ்ப்பாணத்தில் ஸ்கூட்டி ஓடித் திரிந்தவள் நான். ஆனால் இலங்கை லைசன்ஸை இங்கே மாற்றித் தரமாட்டார்கள். வந்து குடியேறி ஒரு வருடம் வரை அதை வைத்து ஓடலாம், அதற்குப் பிறகு அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பழகுகிறவர்களுக்கான புரொவிஷனல் லைசன்ஸ் ஒன்லைனில் 34 பவுண், தியரி டெஸ்ட் 23, பிரக்டிக்கல் டெஸ்ட் கிழமை நாட்களில் 62. இதுகூடப் பரவாயில்லை. லெசன்தான் ஆளை விழுத்தும். டிரைவிங் டெஸ்ட் நடத்துகிற அரச நிறுவனமான டி.வி.எஸ்.ஏ.யின் கணக்குப்படி ஒருவர் சராசரியாக 45 மணித்தியாலம் லெசன் எடுக்கிறார். மணிக்கு 35 பவுண் என்று போட்டாலே ஆயிரத்து ஐந்நூறு தாண்டிவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் தமிழ்க் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளைக் கண்டேன். தமிழில் அச்சடித்து, "அரச உதவியுடன் டிரைவிங் லெசன், பெனிபிட் பெறுவோருக்கு மட்டும்" என்று இருந்தது. கீழே ஒரு மொபைல் நம்பர்.

அடித்தேன். ஒரு தம்பி, முப்பத்தைந்து வயது இருக்கும், அடுத்த நாளே வீட்டுக்கு வந்தார். மரியாதையான பேச்சு. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்றெல்லாம் விசாரித்தார். அப்புறம் என் போனை வாங்கி, "அக்கா, உங்கட ஜேர்னலுக்குள்ள போகவேணும், பாஸ்வேர்டைச் சொல்லுங்கோ" என்றார். ஜேர்னல் என்பது யூனிவர்சல் கிரெடிட்டின் ஒன்லைன் கணக்கு. சொன்னேன். "இப்ப ஒரு கோட் வந்திருக்கும்." அதையும் வாசித்துக் காட்டினேன். குசினி மேசையில் இருந்துகொண்டு பத்து நிமிடத்தில் எல்லாம் தட்டி முடித்தார். நான் அடுப்பில் இருந்த பருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரையைப் பார்க்கவில்லை.

சில நாளில் வங்கிக்கு 812 பவுண் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "கிராண்ட் வந்திட்டுது அக்கா, அரசாங்கம் சும்மா தாற காசு. 650ஐ எனக்கு அனுப்புங்கோ, இருபது லெசன். மிச்சம் உங்கட தியரிக்கும் லைசன்ஸுக்கும்." மிச்சத்தை என்னிடமே விட்டாரே, அதனால்தான் நல்ல மனிதர் என்று நம்பினேன். ஏமாற்றுகிறவன் முழுவதையும் அல்லவா கேட்பான்?

புரொவிஷனல் வந்தவுடன் லெசன் தொடங்கியது. சாதாரணக் கார். முன்கண்ணாடியில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர், ஒரு பார்க்கிங் பெர்மிட், வேறொன்றும் இல்லை. நான் பிள்ளையாரைப் பார்த்து நிம்மதியாக ஏறி இருந்தேன். பார்த்திருக்க வேண்டியது வேறு. காசு வாங்கிப் பழக்குகிறவர் முன்கண்ணாடியில் பேட்ஜ் வைத்திருக்க வேண்டும். முழுத் தகுதி பெற்றவர் என்றால் பச்சை நிறத்தில் எட்டு மூலை, பயிற்சியில் இருப்பவர் என்றால் இளஞ்சிவப்பு முக்கோணம். இரண்டும் இல்லாமல் காசுக்குப் பழக்குவது இந்த நாட்டில் குற்றம். அவர் காலடியில் தனி பிரேக்கும் இருக்கவில்லை. ஒரு ரவுண்டபவுட்டில் நான் தடுமாறியபோது ஹேண்ட்பிரேக்கைத்தான் இழுத்துப் பிடித்தார். அந்தக் காருக்கு என்னைச் சேர்த்து இன்சூரன்ஸ் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பொலிஸ் மறித்திருந்தால் 300 பவுண் தண்டமும் லைசன்ஸில் ஆறு குற்றப் பொயின்டும் ஓடிக்கொண்டிருந்த என் தலையில்தான் விழுந்திருக்கும்.

மூன்று லெசன் நடந்தது. நாலாவதுக்குக் கார் கராஜில். ஐந்தாவதுக்கு மாமி சுகமில்லை. இடையில் ஒருநாள், "டெஸ்ட் டேட் சீக்கிரம் எடுத்துத் தாறன், 250 பவுண்" என்று மெசேஜ் வந்தது. 62 பவுண் டெஸ்டுக்கு ஏன் 250 என்று கேட்டேன். அதோடு வாட்ஸப்பில் அவருடைய படமே காணாமல் போய்விட்டது.

சரி, 650 போனது போகட்டும், அரசாங்கக் காசுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த மாத யூனிவர்சல் கிரெடிட் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. கழிவுகள் (பிடித்தங்கள்) என்ற இடத்தில் அட்வான்ஸ் திருப்பிக் கட்டல் என்று 33 பவுண் சொச்சம். அடுத்த மாதமும் அதே.

ஜொப் சென்டரில் (அரச வேலைவாய்ப்பு அலுவலகம்) என்னைப் பார்க்கிற அலுவலரான வேர்க் கோச்சிடம் ஓடினேன். அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் பட்ஜெட்டிங் அட்வான்ஸ் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். காரணம்: வேலைக்குப் போக டிரைவிங். பிள்ளை உள்ளவர்களுக்கு அதன் உச்சத்தொகை 812 பவுண். பிள்ளை இல்லாவிட்டால் தனி ஆளுக்கு 348, சோடிக்கு 464. வட்டி இல்லை, ஆனால் கடன் கடன்தான், மாதாமாதம் நம் காசிலிருந்து வெட்டுவார்கள். அந்தத் தம்பி அரசாங்கத்தை ஏமாற்றவே இல்லை. எனக்கு உரிமையான கடனை என் கையாலேயே எடுப்பித்து, என் கையாலேயே தனக்கு அனுப்பச் செய்திருக்கிறார்.

அந்த வேர்க் கோச் அம்மா அடுத்துச் சொன்னதுதான் இன்னும் உறைத்தது. "முதலே என்னிடம் கேட்டிருக்கலாமே?" ஃபிளெக்சிபிள் சப்போர்ட் ஃபண்ட் என்று ஒன்று இருக்கிறது. ஜொப் சென்டர் தன் விருப்புரிமையில் கொடுப்பது, திருப்பிக் கட்டத் தேவையில்லை. வேலைக்கான உடுப்பு, நேர்முகத்துக்குப் போகும் பயணச் செலவு, பயிற்சி என்று பலதுக்கும் கொடுப்பார்கள். டிரைவிங்குக்கும் சிலவேளை கிடைக்கும், ஆனால் யாருக்கும் உரிமையாகக் கிடைப்பதில்லை. லைசன்ஸ் இருந்தால் இன்ன வேலை கிடைக்கும் என்று கம்பனிக் கடிதமோ விளம்பரமோ காட்ட வேண்டும், அப்போதும் 45 மணித்தியாலத்துக்கும் தருவார்கள் என்று கனவு காணக்கூடாது. கேட்கிற இடம் ஒன்றுதான்: உங்கள் வேர்க் கோச், அல்லது உங்கள் ஜேர்னலில் நீங்களே எழுதும் மெசேஜ். நடுவில் ஆள் கிடையாது. பிப் (உடல்நலக் குறைவோ மாற்றுத்திறனோ உள்ளவர்களுக்கான உதவித்தொகை) எடுக்கிறவர்களுக்கு வேறு வழி உண்டு. மொடபிலிட்டி பவுண்டேஷன் என்ற அறக்கட்டளை, தகுதி உள்ளவர்களுக்கு லெசனுக்கு உதவுகிறது. அதையும் நேரே அவர்களிடமே கேளுங்கள்.

வங்கிக் கதை தனிக் கதை. 2024 அக்டோபர் 7க்குப் பிறகு, ஏமாற்றுக்காரன் கணக்குக்கு நாமே அனுப்பிய காசைக்கூட வங்கி திருப்பித் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. 13 மாதத்துக்குள் கேட்க வேண்டும். நான் கேட்டேன். "மூன்று லெசன் தந்திருக்கிறாரே, இது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான வியாபாரத் தகராறு, மோசடி இல்லை" என்று பதில் வந்தது. அந்த மூன்று லெசனையும் தந்ததே இதற்காகத்தானோ என்று இப்போது நினைக்கிறேன். பேட்ஜ் இல்லாமல் பழக்கினார் என்று டி.வி.எஸ்.ஏ.க்கு எழுதினேன், அந்தக் கடிதத்தின் பிரதியையும் வாட்ஸப் மெசேஜ்களையும் வைத்து, வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கிற ஃபைனான்ஷியல் ஒம்பட்ஸ்மனிடம் முறையிட்டிருக்கிறேன். அவர்களுக்கு நாம் காசு கட்டத் தேவையில்லை. மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருந்தது மட்டும்தான் இதில் நான் செய்த ஒரே புத்தியான வேலை.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். கோட்டை யார் கேட்டாலும் இனிச் சொல்லமாட்டேன், என் மகனுக்கும்கூட.

போன சனிக்கிழமை மரக்கறி வாங்கப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் அதே மஞ்சள் தாள், புதிதாக ஒட்டியிருந்தது. நம்பர் மட்டும் வேறு. உரித்து எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கடைக்கார அண்ணை பார்த்தும் பார்க்காத மாதிரி வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டு நின்றார்.