மெய்கண்ட சாத்திரம்: முதலில் எந்த நூலை வாங்குவது?

சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூல்கள் 14. அவற்றுக்கு மெய்கண்ட சாத்திரம் என்று பெயர். சிவனை முதலாகக் கொண்ட இந்தத் தத்துவத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம் என்று புத்தகக் கடைக்குப் போகிறவர் கையில் முதலில் சிக்குவது பெரும்பாலும் சிவஞான போதம்தான். காரணம், அது சிறியது. 12 நூற்பா, 40 அடி, முழுவதும் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று வாங்குவார்கள். முதல் நூற்பா 'அவன் அவள் அது எனும் அவை மூவினைமையின்' என்று தொடங்குகிறது. அதைத் தாண்டாமலே புத்தகம் அலமாரிக்குப் போய்விடும்.

படிப்பவர்மீது குறை இல்லை. திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் செய்த இந்நூலில் நூற்பா என்பது வாதத்தின் தலைப்பு மட்டும். வாதம் நடப்பது அதன் கீழுள்ள அதிகரணங்கள் என்னும் உட்பிரிவுகளில். மொத்தம் 39 அதிகரணம். ஒவ்வொன்றிலும் மேற்கோள் (நிறுவ வேண்டிய கருத்து), அதற்கு ஏது (காரணம்), பிறகு எடுத்துக்காட்டு வெண்பா. இந்த வெண்பாக்கள் 81. நூற்பாவையும் நாலு வரிப் பொழிப்புரையையும் மட்டும் அச்சிட்ட மலிவுப் பதிப்புகள் இந்த உடம்பு முழுவதையும் விட்டுவிடுகின்றன. அப்படிப்பட்ட பதிப்பு எவ்வளவு அழகான அட்டையோடு வந்தாலும் வாங்க வேண்டாம்.

நல்ல பதிப்பா என்று கடையிலேயே நின்று பார்க்க ஒரு வழி உண்டு. மூன்றாம் நூற்பாவைத் திறவுங்கள். உயிர் என்று ஒன்று உண்டு என நிறுவும் இடம் அது:

'உளதிலது என்றலின் எனதுடல் என்றலின்
ஐம்புலன் ஒடுக்கம் அறிதலின் கண்படில்
உண்டிவினை இன்மையின் உணர்த்த உணர்தலின்
மாயா இயந்திர தனுவினுள் ஆன்மா.'

இந்த நாலு அடியில் ஏழு அதிகரணம் இருக்கின்றன. 'ஒன்றுமில்லை' என்று மறுப்பதற்கும் மறுக்கிற ஓர் அறிவு வேண்டுமே என்பது முதல் வாதம். 'என் வீடு' என்பதுபோல 'என் உடல்' என்கிறோம், ஆகவே உடல் வேறு, உடையவன் வேறு என்பது இரண்டாவது. சிக்கல் அடுத்த அடியில். 'ஐம்புலன் ஒடுக்கம் அறிதலின்' என்பதை ஒரே தொடராக எடுத்து 'புலன்களின் ஒடுக்கத்தை அறிவதால்' என்று உரை எழுதியிருந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். 'அறிதலின்' இரண்டிடத்தும் சென்று சேர வேண்டும். ஐம்புலன் அறிதலின் என்பது தனி வாதம்: கண் ஓசையை அறியாது, காது நிறத்தை அறியாது, ஐந்தையும் அறிவது ஒன்று இருக்க வேண்டும். ஒடுக்கம் அறிதலின் என்பது கனவைப் பற்றியது: புலன்கள் ஒடுங்கிய பிறகும் கனவை அறிவது ஒன்று இருக்கிறது. சேர்த்துப் படித்தால் ஏழு ஆறாகிவிடும், கனவு வாதம் காணாமல் போகும். ஐந்தாவது எனக்கு மிகவும் பிடித்தது: உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை, ஆகவே மூச்சு உயிராகாது. இவ்வளவு நேரான, எளிய தர்க்கத்தைக் கடினமான நூல் என்ற பெயரால் இழப்பது பெரிய வருத்தம்.

திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் இதற்கு இரண்டு உரை எழுதினார். சிற்றுரையோடு வாங்குங்கள். மாபாடியம் என்னும் பேருரை தமிழ் உரைநடையின் சிகரங்களில் ஒன்று. ஆனால் வடமொழித் தருக்க நூல்களின் பழக்கம் இல்லாதவருக்கு அதன் நீண்ட வாக்கியங்களில் எழுவாய் எங்கே என்று தேடவே நேரம் போய்விடும். இரண்டு மூன்று ஆண்டு கழித்து வாங்கிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் முன்னால் படிக்க வேண்டியது திருவருட்பயன். 14 சாத்திரங்களில் எட்டைத் தந்த உமாபதி சிவம் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். அவர் பாடிய 100 குறள், பத்துப் பத்தாகப் பத்து அதிகாரம். திருக்குறள் காதில் பழகியிருந்தால் யாப்பு தொந்தரவு செய்யாது. மூன்றாம் அதிகாரமான இருண்மலநிலையில் ஆணவ மலத்தைப் பற்றி ஒரு குறள்:

'ஒருபொருளும் காட்டாது இருளுருவம் காட்டும்
இருபொருளும் காட்டாது இது.'

இருட்டு எந்தப் பொருளையும் காட்டாது, ஆனால் 'இங்கே இருட்டாக இருக்கிறது' என்று தன்னையாவது காட்டிக்கொள்ளும். ஆணவம் பிறவற்றையும் மறைக்கும், தன்னையும் மறைத்துக்கொள்ளும். தன் அறியாமையை அறியாதவரைக் கண்ட எவருக்கும் இது உடனே விளங்கும். இன்னொன்று கவனிக்க வேண்டும்: 'மலம்' என்ற சொல்லைப் பேச்சு வழக்குப் பொருளில் எடுத்தால் அருவருப்பில் நின்றுவிடுவோம். செம்பில் களிம்பு போல உயிரோடு என்றும் ஒட்டியிருப்பது என்பதே இங்கே பொருள். ஓர் அமர்வுக்கு ஓர் அதிகாரம், பத்துக் குறளுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் உவமைகள் ஒன்றோடொன்று குழம்பும்.

திருவருட்பயன் முடிந்ததும் மனவாசகம் கடந்தாரின் உண்மை விளக்கம். மாணவர் கேட்க ஆசிரியர் விடை சொல்லும் வெண்பாக்கள். உடலும் உலகமும் அமைவதற்கான மூலக்கூறுகளாகச் சைவ சித்தாந்தம் சொல்லும் 36 தத்துவம் எது எது என்பது இதில் தெளிவாகிவிடும்: ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5. அட்டவணை போட்ட பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள், பின்னால் போதம் படிக்கும்போது பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ள உதவும்.

அருணந்தி சிவத்தின் சிவஞான சித்தியாரை எடுப்பவர்கள் செய்யும் தவறு, முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது. அங்கே இருப்பது பரபக்கம், அதாவது பிறர் கொள்கையை மறுக்கும் பகுதி: 301 பாடல், கண்ணால் கண்டதே உண்மை என்ற உலகாயதர் தொடங்கிப் பிற மதத்தாரோடு வாதம். எதிர்த்தரப்பைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அதில் இறங்கினால் மூச்சு முட்டும். தன் கொள்கையை நிறுவும் அடுத்த பகுதியான சுபக்கத்தின் 328 பாடல்களும் போதத்தின் 12 நூற்பா வரிசையிலேயே அமைந்தவை. எனவே போதத்தில் ஒரு நூற்பா, உடனே சுபக்கத்தில் அதே நூற்பாவுக்குரிய பாடல்கள் என்று இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே சரியான முறை. போதத்தில் சுருங்கிக் கிடப்பது சித்தியாரில் விருத்தப் பாடல்களாக விரியும்.

மூலத்தைச் சீர் பிரித்தும் பதம் பிரித்தும் இரு வகையாகத் தருகிற பதிப்பு, கடைசியில் பாட்டு முதற்குறிப்பும் அருஞ்சொல் அகராதியும் உள்ள பதிப்பு, இவை சற்று விலை கூடினாலும் வாங்கத் தகுந்தவை. பதம் பிரித்தது மட்டும் இருந்தால் வெண்பாவின் ஓசை போய்விடும்; ஓசை போனால் மனத்தில் நிற்காது. 81 வெண்பாவையும் வாய்விட்டே படியுங்கள்.