துருப்பிடிக்காத கம்பி என்று விற்ற கூண்டு: கிளி வளர்ப்பவர்கள் கவனத்திற்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில் கிளியும் லவ்பேர்ட்ஸும் வளர்க்கும் பலரைப் போல நானும் கூண்டு, தீனி, விளையாட்டுச் சாமான் எதுவானாலும் எல்லை கடந்து தமிழ்நாட்டுப் பக்கத்துக் கடைகளில் வாங்குவதையே வழக்கமாகக் கொண்டிருந்தேன். அப்படி ஒரு கடையில் கடந்த ஆடி மாதம் 6,800 ரூபாய் கொடுத்து வாங்கிய கூண்டினால் எங்கள் கிளி பொன்னி உயிர் பிழைத்ததே பெரிது என்ற நிலை வந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அதே மாதிரிக் கூண்டுகள் இன்னும் விற்பனைக்குத் தொங்கிக்கொண்டிருப்பதை நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகு, நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பொன்னி நான்கு வயதுள்ள சன் கோனூர், மஞ்சள் நிற வெளிநாட்டுக் கிளி வகை. குஞ்சாக வந்த நாளிலிருந்து ஒரே சிறிய கூண்டில் வளர்ந்தவள். வால் நீண்ட பிறகு அந்தக் கூண்டில் திரும்பி உட்காரவே அவளுக்கு இடம் போதவில்லை. பெரிய கூண்டு வேண்டும் என்று கேட்டபோது கடைக்காரர் உயரமான, பளபளப்பான ஒன்றைக் காட்டி, "இது 304 எஸ்.எஸ். டீச்சர், ஆயுசுக்கும் துருப் பிடிக்காது" என்றார். எஸ்.எஸ். என்றால் துருப்பிடிக்காத எஃகு, 304 அதில் ஒரு வகை. உள்ளே மூன்று தாங்கு கட்டைகள் இருந்தன. மூன்றும் ஒரே பருமன், மூன்றின்மேலும் உப்புத்தாள் உறை சுற்றியிருந்தது. நகம் தானாகத் தேயும் என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார். பழைய கூண்டைக் கொடுத்தால் 300 ரூபாய் கழித்துக்கொள்வதாகச் சொல்லி, பொன்னியைத் துண்டில் பிடித்து நேராகப் புதிய கூண்டுக்குள் விடச் செய்து, பழையதை அப்போதே உள்ளே எடுத்துப் போய்விட்டார். ரசீது என்று கொடுத்த வெள்ளைத் தாளில் "கூண்டு 1" என்றும் தொகையும் மட்டுமே இருந்தன. என்ன உலோகம் என்று ஒரு சொல் இல்லை. அவற்றின் கீழே, விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்ற ரப்பர் முத்திரை.

புறப்படும்போது, நாட்டுப் பச்சைக்கிளிக் குஞ்சுகளும் பின்பக்கம் இருக்கின்றன, வேண்டுமானால் சொல்லுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த ஒரு வார்த்தையிலேயே நான் கூண்டை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் பொன்னி கூண்டின் மேல்மூலையில் கம்பியை அலகால் கவ்வியபடியே தொங்கினாள். கட்டையில் உட்காரவில்லை, தீனியைத் தொடவில்லை, கத்திக்கொண்டே இருந்தாள். கிளிகள் புதிய பொருளுக்கு அஞ்சும் இயல்பு உடையவை என்பது எனக்குத் தெரியும் என்பதால் அதை நான் அச்சம் என்றே எடுத்துக்கொண்டேன். கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டபோது, "ரெண்டு நாள் துணி போட்டு மூடி வையுங்க டீச்சர், பசிச்சா தானா இறங்கி வரும், பழகிக்குமுங்க" என்றார். மூன்றாம் நாள் மறுபடியும் அழைத்தேன், அதே பதில். ஐந்தாம் நாள் எச்சம் தண்ணீராகவும் கடும் பச்சையாகவும் இருக்கிறது, தண்ணீரை ஓயாமல் குடிக்கிறாள் என்று சொன்னபோதும், இடம் மாறியதால் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றார். பழகிவிடும் என்ற அந்தச் சொல்லை நம்பி ஆறு நாட்களை வீணாக்கினேன்.

ஆறாம் நாள் காலையில் அவள் தின்றதைக் கக்கினாள். கட்டையைப் பற்ற முடியாமல் கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சமையலறைத் தராசில் நிறுத்தபோது 97 கிராம் இருந்தாள். கூண்டு வாங்குவதற்கு முந்தைய வாரம் 112 கிராம். ஒரு சிறு பறவை தன் எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்தாலே அது அவசர நிலை என்று பிறகு மருத்துவர் சொன்னார். அவள் அதைக் கடந்திருந்தாள். மண்ணுத்தியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே கொண்டுபோனோம். எக்ஸ்ரே படத்தில் இரைப்பைப் பகுதியில் வெள்ளைப் புள்ளிகளாக உலோகத் துணுக்குகள் தெரிந்தன. கூண்டு புதியதா, கம்பி எதனால் ஆனது என்று மருத்துவர் முதலிலேயே கேட்டார். துத்தநாக முலாம் பூசிய கம்பியைக் கிளிகள் அலகால் கவ்வி ஏறும்போதும் கடிக்கும்போதும் முலாம் துணுக்குகளாக உதிர்ந்து உள்ளே போகும் என்றும், இரைப்பையின் அமிலத்தில் அது கரைந்து உடலில் நஞ்சாகும் என்றும், புதுக் கம்பி நோய் என்றே பறவை மருத்துவத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு என்றும் விளக்கினார். உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் கால்சியம் இடிடிஏ ஊசியும் நீர்ச்சத்தும் தொடர்ந்து கொடுக்கப்பட்டன. உள்ளங்கால்கள் இரண்டும் சிவந்து தோல் உரிந்திருந்தன. அது உப்புத்தாள் செய்த வேலை.

அன்றிரவு வீடு திரும்பியதும் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக் கூண்டுக் கம்பியில் வைத்தேன். இழுத்து எடுக்க வேண்டிய அளவுக்குப் பற்றிக்கொண்டது. 304 வகைத் துருப்பிடிக்காத எஃகில் காந்தம் ஒட்டாது. வளைத்து இழுத்த இடங்களில் மட்டும் மிக லேசாக இழுக்கும். மேலே வெள்ளிநிறச் சாயம், உள்ளே ஜிஐ கம்பி, அதாவது துத்தநாக முலாம் பூசிய இரும்புக் கம்பி. கம்பிகள் சந்திக்கும் முனைகளில் முலாம் சொட்டுச் சொட்டாக உறைந்திருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரலும் அடிக்கும் எங்கள் திண்ணையில் ஆறு நாள் இருந்ததற்குள் அந்த முனைகளில் மாவு போல வெள்ளைத் துரு பூத்திருந்தது. அந்த வெள்ளைப் பொடியும் துத்தநாகத்திலிருந்து வந்ததே. வினிகரால் தேய்த்துக் கழுவினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கழுவினால் மேற்பரப்பில் ஒட்டியுள்ள பொடியும் துணுக்கும் குறையுமே தவிர, அடியிலுள்ள முலாம் அப்படியேதான் இருக்கும். நாள் முழுவதும் கம்பியைக் கடிக்கும் கிளிக்கு அந்தக் கூண்டு ஆகாது.

அச்சத்துக்கும் நஞ்சுக்கும் உள்ள வேறுபாட்டை முன்பே அறிந்திருந்தால் இரண்டாம் நாளே புறப்பட்டிருப்பேன். அஞ்சும் கிளி இறகை ஒட்ட வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, கண்ணை அகலத் திறந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கும். தீனி குறைந்தாலும் ஆள் விலகியதும் ஒரு வாய் கொத்தும். நஞ்சேறிய கிளி சிலிர்த்துப் போய்ப் பகலிலேயே கண்ணை மூடும், தண்ணீரை மிகுதியாகக் குடிக்கும், கக்கும், பிடி தளரும். எதுவாயினும், ஒரு நாள் முழுவதும் எதுவும் தின்னாத சிறு பறவையைத் துணியால் மூடிப் பட்டினி போடுவது கொலைக்குச் சமம். அந்த ஆலோசனையைச் சொன்னவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்று வாரச் சிகிச்சைக்குப் பிறகு, தோழி ஒருவர் இரவலாகக் கொடுத்த பழைய கூண்டில் அவள் தேறினாள். அடுத்து வாங்கிய கூண்டு பவுடர் கோட்டிங் செய்தது. பூச்சு எங்கும் உரிந்திருக்கவில்லை என்று விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்து, கம்பிகளின் இடைவெளி முக்கால் அங்குலத்துக்கு மிகாமல் இருக்கிறதா என்று அளந்து, உலோகத்தின் பெயரை ரசீதில் எழுதச் சொல்லி வாங்கினேன். இந்த முறை அவளை உள்ளே தள்ளவில்லை. புதியதை அதே அறையில் எட்டடி தள்ளி வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, ஒரு வாரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்தோம். கடையில் கொடுத்துவிட்ட பழைய கூண்டில் அவள் விளையாடிய கொட்டாங்குச்சி ஊஞ்சல் ஒன்று என்னிடம் தங்கியிருந்தது. அதைப் புதிய கூண்டின் வாசலில் கட்டினேன். சூரியகாந்தி விதையை முதலில் கூரைமேல் வைத்தோம், பிறகு வாசற்படியில், பிறகு உள்ளே. கதவு எப்போதும் திறந்தே இருந்தது. இரவில் இரவல் கூண்டிலேயே தூங்கவிட்டோம். பதினேழாம் நாள் மாலை அவளே உள்ளே போய், மேல்கட்டையில் ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு, அலகை அரைத்தபடி தூங்கினாள். ஒற்றைக்காலில் நின்று அலகை அரைக்கும் கிளிக்கு அச்சமில்லை என்று பொருள். கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருந்ததும், காற்று நேராக அடிக்காத மூலையில் வைத்ததும் உதவியிருக்க வேண்டும்.

கடையில் வந்த கட்டைகளுக்குப் பதிலாகக் கொல்லைக் கொய்யா மரத்தின் கிளைகளை, மருந்து தெளிக்காதவையாகப் பார்த்து வெட்டி, தேய்த்துக் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்துப் பொருத்தினோம். ஒன்று பெருவிரல் பருமன், ஒன்று அதைவிடக் கொஞ்சம் தடிப்பு, ஒன்று கோணலும் கணுவுமாக. பருமன் மாறினால் பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் விழாது. ஒரே அளவு உருளைக் கட்டையில் ஆண்டுக்கணக்கில் நின்றால் உள்ளங்காலில் புண் வைக்கும். விரல்கள் கட்டையை முக்கால் சுற்று பற்ற வேண்டும், முழுவதும் வளைத்து முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. வேம்பும் ஆகும். அரளிக் கிளையை மட்டும் மறந்தும் வைக்காதீர்கள், அது நஞ்சு. தூங்கும் கட்டை எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும், தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர்மேலே எந்தக் கட்டையும் வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு மருத்துவமனைச் சீட்டுகளுடன் கடைக்குப் போனேன். முத்திரையைக் காட்டினார்; பிறகு, "நீங்க கேரளா, இங்க வந்து கேஸ் போட்டு அலையணுமுங்க" என்றார். எல்லையில் வாழ்பவர்களை இப்படிச் சொல்லித் துரத்துவது எளிது. ஆனால் அது உண்மையல்ல. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எனக்கு அது பாலக்காடு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். குறைபாடுள்ள பொருளை, ரசீதில் காலக்கெடு எதுவும் இல்லாதபோது, 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும், உரிய ரசீது தராததும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகமாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. ரப்பர் முத்திரை அதை மாற்றாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலும் பேசலாம். நான் அதில் பதிவு செய்த பிறகே ஆணையத்துக்கு எழுதினேன். கூண்டு வாங்கிய 28ஆம் நாளில் கடைக்குப் போயிருந்ததால் நாள் கணக்கில் எனக்குத் தடை இல்லை. நீங்கள் அவ்வளவு தாமதிக்க வேண்டாம்.

தேவையானால் ஆணையம் கம்பியை ஆய்வகத்துக்கு அனுப்பும் என்பதால் அந்தக் கூண்டைக் கழுவாமல், வெள்ளைத் துருவோடு, சாக்கில் சுற்றி மாட்டுக் கொட்டகையின் மச்சில் வைத்திருக்கிறேன். சும்மாதானே கிடக்கிறது, கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுங்கள் என்று அடுத்த வீட்டுப் பாட்டி இரண்டு முறை கேட்டுவிட்டார். மூன்றாம் முறை அவரையும் கொட்டகைக்கு அழைத்துப் போய், அந்த முனைகளைத் தொட்டுக் காட்டினேன்.