சவரக்கத்தி தீட்ட எது தோது: சிந்தெட்டிக் கல்லா, கோட்டிகூலா, லேப்பிங் ஃபிலிமா?
சவரக்கத்திக்கு என்ன கல் வாங்கலாம்னு கேக்குறவங்க எல்லாரும் கடைசிக் கல்லப் பத்திதான் கேக்குறாங்க, 12000 போதுமா இல்ல 16000 வேணுமான்னு. என்னைக் கேட்டா வேலையில முக்கால்வாசி 1000 கிரிட் கல்லுலயே முடிஞ்சிடுது (கிரிட்ங்கிறது கல் எவ்வளவு நைசுன்னு சொல்ற நம்பர், கூடக் கூட நைசு). கத்தியோட ரெண்டு பக்கமும் அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே கோட்டுல வந்து சேரணும், அதைத்தான் பெவல்ங்கிறோம், அது சேராத கத்திய எவ்வளவு நைசான கல்லுல தேச்சாலும் பளபளப்பு வரும், பதம் வராது. கை முடி மேல ஓட்டிப் பாருங்க, முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி வழிச்சா அடுத்த கல்லுக்குப் போகலாம், ஒரு இடத்துல வழுக்கினாலும் 1000லயே இருங்க.

கோணத்தைப் பத்தி பயப்பட வேண்டாம், முதுகும் விளிம்பும் சேந்து கல்லுல படியுற மாதிரி படுக்க வச்சா முதுகோட தடிமனே கோணத்தைப் பாத்துக்கும். ஆனா அதுக்குக் கல் தட்டையா இருக்கணும். கல்லு மேல பென்சில்ல கட்டம் போட்டு டைமண்ட் பிளேட்ல, அதாவது வைரப்பொடி பதிச்ச தகட்டுல, தேச்சா குழி எங்கன்னு தெரிஞ்சிடும், கோடு எல்லாம் அழியுற வரைக்கும் தேய்க்கணும்.

சிந்தெட்டிக்ல, அதாவது செயற்கையா செஞ்ச கல்லுல, நார்ட்டன் கம்பெனியோட 4000/8000 ஒரு பக்கம் 4000, மறு பக்கம் 8000னு ஒரே கல்லுல ரெண்டு வேலை பாக்கும், வேகமா வெட்டும், ஆனா முன்னாடியே ஊறப் போடணும், குழியும் சீக்கிரம் விழும். நனிவா கம்பெனியோட 12000க்கு ஊறவே வேண்டாம், தண்ணி தெளிச்சா போதும், தேய்க்குறப்போ கைக்கு இதமா இருக்கும், மென்மையான கல்லுங்கிறதால கத்தியோட மூலை குத்தினா கீறல் விழுந்திடும், அதை மட்டும் பாத்துக்கங்க. ஷாப்டன் கம்பெனியோட கிளாஸ் 16000 நல்ல இறுக்கமான கல், லேசுல குழியாகாது, பதமும் பயங்கரமா ஏறும், ஆனா சிலரோட தோலுக்கு அந்தக் கூர் கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும், எனக்கு நனிவா முடிச்ச கத்திதான் பிடிக்குது.

கோட்டிகூல் விஷயமே வேற. பெல்ஜியத்துல ஆர்டென் மலைப்பகுதியில கிடைக்குற மஞ்சள் கல், உள்ள பொடிப்பொடியா கார்னெட் மணிகள் இருக்கு, அதுதான் இரும்ப வெட்டுது. சின்னக் கல் ஒண்ண மேல தேச்சா பால் மாதிரி கரைசல் வரும், அது கெட்டியா இருக்குறப்போ வேகமா வெட்டும், சொட்டுச் சொட்டா தண்ணி விட்டுக் கரைச்சுக்கிட்டே போனா வெட்டு குறைஞ்சு குறைஞ்சு கடைசியில வெறும் தண்ணியில மெருகேத்துற வேலை மட்டும் நடக்கும், ஒரே கல்லுலயே பெவல்ல இருந்து ஃபினிஷ் வரைக்கும் போற ஆளுங்க இருக்காங்க. முகத்துக்கு அவ்வளவு சாந்தமா ஓடும் அந்தக் கத்தி. ஆனா பூமியில இருந்து வெட்டி எடுக்குறதால ஒரு கல் மாதிரி இன்னொண்ணு இருக்காது, கிரிட் நம்பர் சொல்ல முடியாது, எப்ப தண்ணி விடணும்னு கைக்குத்தான் தெரியணும். புதுசா கத்துக்குறவங்க இதுல ஆரம்பிச்சா தப்பு கல்லுலயா கையிலயான்னு தெரியாம முழிப்பாங்க, அதனால முதல் கல்லா இதைச் சொல்ல மாட்டேன்.

லேப்பிங் ஃபிலிம்ங்கிறது தேய்க்குற பொடி பூசின மெல்லிசான பிளாஸ்டிக் தாள், ஆரம்பச் செலவு குறைவு. தடிமனான கண்ணாடி மேல தண்ணி தெளிச்சு 1 மைக்ரான் ஃபிலிம ஒட்ட வச்சா கண்ணாடியே தட்டையா இருக்குறதால தேச்சு சமப்படுத்துற வேலையே இல்ல. அழுத்துனா கிழியும், தேய்ஞ்சா மாத்திக்கிட்டே இருக்கணும், ரொம்ப நாளைக்குப் பாத்தா கல்தான் லாபம்.

ஆரம்பிக்குறவங்களுக்கு நான் சொல்றது 1000, நடுவுல நார்ட்டன் 4000/8000, முடிக்க நனிவா 12000, அப்புறம் தோல் வார்ல முதுகு முன்னாடி போற மாதிரி இழுக்கணும். ஷேவ் பண்றப்போ முடி சுளீர்னு இழுத்தா இன்னும் நைசான கல்லத் தேடாதீங்க, திரும்ப 1000க்கே போய் பெவல் சேந்திருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாருங்க.