உஃபிஸியில் தோனி தம்பதி: பின்பக்கத்தைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்

இத்தாலியின் புளோரன்ஸில் உஃபிஸி அருங்காட்சியகத்துக்குப் போனால், மறுமலர்ச்சிக் கால ஓவியர் ரஃபேல் மரப்பலகைகளில் வரைந்த அஞ்ஞோலோ தோனி, மத்தலேனா ஸ்ட்ரோசி தம்பதியின் ஜோடிப் படங்களுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், இந்தத் தோனி துணி வியாபாரி.)

1504-இல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 30 வயது இருக்கும், பெண்ணுக்கு 15தான். அது தெரிந்த பிறகு அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. உட்கார்ந்திருக்கும் தோரணை அப்படியே மோனா லிசா. பதக்கத்தில் தொங்கும் முத்தை விட்டுக் கண் நகரவில்லை.

நான் காசு கொடுத்துச் சேர்ந்த வழிகாட்டிக் குழு இங்கே நின்றது இரண்டே நிமிடம். பலகைகளின் பின்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! நானாகத்தான் சுற்றிப் போய்ப் பார்த்தேன். அவர் படத்தின் பின்பக்கத்தில் கிரேக்கப் புராணத்தின் ஊழி வெள்ளம். அவள் படத்தின் பின்பக்கத்தில், அந்த வெள்ளத்தில் தப்பிய டியூகாலியன், பிர்ரா தம்பதி எறியும் கற்கள் மனிதர்களாகின்றன. தோனி தம்பதிக்குக் குழந்தை வரம் வேண்டித்தான் இந்தக் காட்சிகள். வரைந்தது ரஃபேல் அல்ல, வேறு கை. தரமும் ஒரு படி கீழேதான்.

முந்நூறு வருடத்துக்கு மேல் வாரிசுகளிடமே இருந்த ஜோடியை 1826-இல் டஸ்கனியின் கிராண்ட் டியூக் இரண்டாம் லியோபோல்டு வாங்கினார். பிறகு இதே ஊரின் பித்தி அரண்மனையில் இருந்தார்கள். 2018-இல்தான் உஃபிஸிக்கு வந்தார்கள். பிரியாமல் வந்ததே பெரிய விஷயம்.

பக்கத்திலேயே மைக்கேலாஞ்சலோவின் வட்ட ஓவியம். அதுவும் அஞ்ஞோலோ வீட்டுச் சொத்துதான். வழிகாட்டி வேண்டாம், தனியாகப் போங்கள்.