ஆற்காடு சாலையில் ஓர் ஆட்டோமேட்டிக்: நாலரை ஆண்டு அனுபவம்

போன மாதம் என் வண்டிக்குக் கிளட்ச் மாற்றினேன். "ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஏது தம்பி கிளட்ச்?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார். 2021 தொடக்கத்தில் முன்பணம் கட்டிய நாளில் இதே கேள்வியை ஷோரூமில் நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் இதை எழுத வைத்தவர் அவரல்லர், என் தங்கையின் கணவர். நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் 1,500 சிசிக்கு மிகாத இன்ஜினும் கொண்ட பெட்ரோல் கார்களுக்கு இழப்பீட்டு வரியையும் சேர்த்து 45 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாகக் குறைந்ததிலிருந்து மாப்பிள்ளைக்கு உறக்கம் இல்லை. பத்து லட்சத்துக்கு மேல் போனால் தமிழ்நாட்டுச் சாலை வரி 18 சதவீதம் என்பதை நினைவூட்டினேன். முகம் கொஞ்சம் வாடியதே தவிர ஆசை வாடவில்லை. "மச்சான், நீங்க ஓட்டுறதையே நானும் எடுத்துடட்டுமா?" என்றார். உடனே ஆமாம் என்றும் வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை.

என்னுடையது நடுத்தர அளவு எஸ்யூவி. டர்போ பெட்ரோல் இன்ஜின், ஏழு கியர்கள், உலர் வகை இரட்டைக் கிளட்ச். தயாரித்தவர் யார் என்பது இங்கே தேவையில்லை. இந்த வகைக் கியர்பாக்ஸை ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் விற்கின்றன, நான் பேசப்போவது அந்த வகையின் சுபாவத்தைப் பற்றித்தான். ஓடியது 43,000 கிலோமீட்டர். அதில் முக்கால் பங்கு சென்னைக்குள்ளேயே.

சென்னைக்குள் என்றால் எங்கே என்பதையும் சொல்லிவிட வேண்டும். வளசரவாக்கத்திலிருந்து ஆற்காடு சாலை வழியாக வடபழனி, அங்கிருந்து நூறடிச் சாலையில் திரும்பிக் கத்திப்பாரா, பிறகு கிண்டி. தூரம் பத்து கிலோமீட்டர் சொச்சம்தான். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக ஆழ்வார்திருநகருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே இரண்டடுக்குப் பாலம் எழும்பத் தொடங்கிய பிறகு, தகரத் தடுப்புகளுக்கு நடுவே மிஞ்சிய பாதையில் மாலை வேளைகளில் வேகமானியின் முள் பத்தைத் தொடுவதே அபூர்வம். நகர்வது, நிற்பது, மறுபடி ஒரு வண்டி நீளம் நகர்வது: என் நாலரை ஆண்டுப் பயணத்தின் பெரும்பகுதி இதுதான். இடது முழங்கால் வலிக்காகத்தான் கியர் வண்டியை விற்றுவிட்டு ஆட்டோமேட்டிக்குக்கு மாறினேன். அந்த வலி முதல் மாதமே போய்விட்டது என்பதை நியாயமாக முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்திலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவு செங்குத்தானது. உச்சியில் இரும்புக் கதவு, அதற்கப்பால் நடைபாதை. காலையில் காவலர் கதவைத் திறக்கும்வரை சரிவின் நடுவில் நிற்க வேண்டியிருக்கும், பின்னால் இன்னொரு வீட்டுக்காரரின் வண்டி மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரைத் தொட்டால் முதல் அரை நொடி எதுவும் நடக்காது. வண்டி யோசிக்கும். சரிவுப் பிடிப்பு வசதி சில நொடிகள் தாங்கிவிட்டுக் கைவிடும்போது வண்டி ஒரு சாண் பின்னால் சரியும், பயந்துபோய்க் கால் இன்னும் கொஞ்சம் அழுத்தும், அந்தக் கணத்தில் கிளட்ச் கவ்வி வண்டி ஒரே தாவாகக் கதவை நோக்கிப் பாயும். பக்கத்து இருக்கையில் இருக்கும் என் மனைவி நாலரை ஆண்டுகளாக அந்த இடத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொள்வதை நிறுத்தவில்லை. கோடையில் இரண்டு முறை இப்படி ஏறிவந்தால் கருகிய ரப்பர் போன்ற ஒரு வாடை உள்ளே வரும். அது ரப்பர் அல்ல, கிளட்ச் தட்டு என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

காரணம் எளிமையானது, ஆனால் விற்பவர் எவரும் சொல்வதில்லை. இந்தப் பெட்டிக்குள் இருப்பவை உண்மையில் இரண்டு கியர்பாக்ஸ்கள். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொன்று. ஒன்று விடும்போதே மற்றது பிடித்துக்கொள்வதால் ஓட்டத்தில் கியர் மாறுவது தெரியவே தெரியாது. ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்ப, கியர் வண்டியில் நாம் இடது காலால் பாதி மிதித்துச் செய்த அதே வேலையை இங்கே கணினி செய்கிறது. தட்டு உரசி உரசித்தான் வண்டி நகர்கிறது. உலர் வகையில் சூட்டை வாங்கிக்கொள்ள எண்ணெய்க் குளியல் இல்லை. முப்பத்தெட்டு டிகிரி வெயிலில், ஏசி ஓட, ஆற்காடு சாலையில் ஒரு மணி நேரம் உரசினால் என்ன ஆகும் என்பதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. 2023 மே மாதத்தில் ஒருநாள் ஆழ்வார்திருநகர் தாண்டுவதற்குள் திரையில் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டதாகவும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துமாறும் எச்சரிக்கை வந்தது. தடுப்புக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடுவே பாதுகாப்பான இடம் எது என்பதைத் திரை சொல்லவில்லை.

இதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்த பொருளும் இதே வேதனையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கியர் நெம்புகோலுக்குப் பக்கத்தில் ஆட்டோ ஹோல்டு என்று ஒரு சிறு பொத்தான். அதை அழுத்தி வைத்தால், வண்டி நின்றதும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், காலை எடுத்துவிடலாம். ஆக்சிலரேட்டரைத் தொட்டால்தான் விடும். வடபழனிச் சிக்னலில் மூன்று நிமிடம் வலது கால் ஓய்வாக இருக்கும் சுகத்தை வாங்கும்போது நான் எதிர்பார்க்கவே இல்லை. சன்ரூஃபை நாலரை ஆண்டில் நாலு முறை திறந்திருப்பேன், இந்தப் பொத்தானை ஒரு நாளைக்கு நாற்பது முறை வாழ்த்துகிறேன். ஆனால் ஊர்ந்து போகும் நெரிசலில் அது எதிரியாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஆக்சிலரேட்டரைத் தொட்டாக வேண்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் அந்தச் சிறு தாவல். பொத்தானை அணைத்துவிட்டுப் பிரேக்கைப் பாதி அழுத்தியபடி ஊர்ந்தால் தாவல் குறைகிறது, ஆனால் தட்டு உரசுகிறது. முழங்காலைக் காப்பாற்றினால் கழுத்து வலி, கழுத்தைக் காப்பாற்றினால் கிளட்ச் செலவு.

சர்வீஸ் சென்டருக்கு இந்தக் குறையோடு ஐந்து முறை போனேன். நான்கு முறை கிடைத்த பதில், "இந்த வண்டி எல்லாமே அப்படித்தான் சார்" என்பது. ஒருமுறை மென்பொருளைப் புதுப்பித்தார்கள். இரண்டு வாரம் பட்டுப்போல் ஓடி, பிறகு பழைய கதைக்கே திரும்பியது. உருப்படியான ஆலோசனை சொன்னவர் அட்வைசர் அல்லர், வண்டியை ஓட்டிப் பார்க்க என்னோடு வந்த மெக்கானிக். "பிரேக்கை அரைகுறையா மிதிக்காதீங்க சார், நின்னா முழுசா மிதிச்சு நில்லுங்க, கிளட்ச் முழுசா விட்டுடும். முன்னாடி ரெண்டு வண்டி இடம் கிடைச்சதும் ஒரேயடியா எடுங்க. ரொம்ப ஊர்ந்தா மேனுவல் மோடுல முதல் கியர்லயே வெச்சுக்குங்க" என்றார். மூன்றாவது யோசனை அருமையானது. முதலுக்கும் இரண்டுக்கும் இடையே வண்டி அல்லாடுவது அதனால் நின்றுபோனது. இரண்டாவது யோசனையைச் சொன்னவர் மட்டும் சென்னையில் வண்டி ஓட்டியவரா என்று சந்தேகமாக இருந்தது, ஏனெனில் இங்கே இரண்டு வண்டி இடம் விட்டால் அதில் ஓர் ஆட்டோவும் மூன்று பைக்குகளும் ஒரு தண்ணீர் லாரியின் மூக்கும் வந்துவிடும்.

கடைசியாக இந்த ஆண்டு நடுக்கம் தட்டையான சாலையிலும் வரத் தொடங்கியபோது கிளட்ச் தேய்ந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார்கள். மதிப்பீடு எழுபதாயிரத்தைத் தாண்டியது. கிளட்ச் தேய்மானப் பொருள், அதனால் நீட்டித்த வாரண்டியில் வராது என்று முதலில் சொன்னார்கள். கடந்த நான்கு முறை அவர்களே எழுதிக்கொடுத்த ஜாப் கார்டுகளை வரிசையாக மேசையில் வைத்த பிறகு, உதிரிபாகத்தை வாரண்டியில் ஏற்றுக்கொண்டு கூலியை மட்டும் வாங்கினார்கள். பதினொரு நாள் வண்டி அங்கே இருந்தது. ஆகவே ஒன்று சொல்வேன்: குறையை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், ஜாப் கார்டில் உங்கள் சொற்களிலேயே எழுதச் செய்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. நகருக்குள் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் பதினாறு. எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், இருபது சதவீதக் கலப்பு வந்தபின் எட்டரையும் சற்றுக் கீழே வந்திருக்கிறது. 4.3 மீட்டர் நீளம் மயிலாப்பூர் மாடவீதிகளில் இடைஞ்சல், மற்ற இடங்களில் சமாளிக்கலாம். தரை இடைவெளி நம் வேகத்தடைகளுக்குப் போதும். மழை வெள்ளத்துக்குப் போதாது, அதற்கு எந்த எஸ்யூவியும் போதாது. மாப்பிள்ளை குடியிருப்பது வேளச்சேரியில், ஐப்பசியில் வானிலை அறிக்கை வந்ததும் மேம்பாலத்தில் வண்டி நிறுத்த இடம் பிடிக்க ஓடுகிற ஊர். உயரமான வண்டி என்று நம்பித் தண்ணீரில் இறக்காதீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் கிளட்ச் செலவு காப்பிச் செலவாகத் தெரியும் என்று அவருக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

நியாயமாகப் பேசினால், இதே கியர்பாக்ஸ் ஞாயிறு விடியலில் வேறு பிறவி. செங்கல்பட்டு சுங்கச்சாவடி தாண்டித் திண்டிவனம் பக்கம் போகும்போது, லாரியை முந்தக் காலைச் சற்றே அழுத்தினால் இரண்டு கியர் இறங்கி வண்டி பாயும் வேகமும், கியர் மாறியதே தெரியாத அந்த வழுவழுப்பும், இன்னொரு வகை ஆட்டோமேட்டிக்கில் இந்த விலைக்குக் கிடைக்காது. கிளட்ச் மாற்றி வந்த மறுநாள் புதுச்சேரி போய்வந்தேன். அந்த மாலையில் மாப்பிள்ளை கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

அவர் கேட்டது திங்கட்கிழமை இரவு, நான் ஆற்காடு சாலையிலிருந்து வந்து சட்டைகூட மாற்றாத நேரத்தில். அதனால் வேண்டாம் என்றேன். வேலை நாட்களில் நெரிசலிலேயே கிடக்கப்போகும் வண்டிக்கு உலர் இரட்டைக் கிளட்ச் வேண்டவே வேண்டாம். டார்க் கன்வர்ட்டர் வகையில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் வேலை செய்கிறது. கிளம்பும்போது உரசித் தேயத் தட்டு இல்லை. மாருதி கிராண்ட் விட்டாராவின் மைல்டு ஹைப்ரிட்டில் (இன்ஜினுக்குச் சிறு மின்மோட்டார் துணை மட்டும் செய்யும் வகை) ஆறு கியர்களோடு அது வந்தது. கியர் படிகளே இல்லாமல் விகிதம் தொடர்ச்சியாக மாறும் சிவிடி என்றால் ஹோண்டா எலிவேட்டும் ஹூண்டாய் கிரெட்டாவின் டர்போ இல்லாத 1.5 பெட்ரோலும் இருக்கின்றன. வேகமாக அழுத்தினால் இன்ஜின் மட்டும் முன்னால் கத்தும், வண்டி பின்னால் வரும், ரப்பர் இழுப்பது போல என்று குறை சொல்வார்கள், உண்மைதான், ஆனால் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஒருவரும் அழுத்தப்போவதில்லை. பணம் இடம் கொடுத்தால் டொயோட்டா ஹைரைடரின் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டை (மின்மோட்டாரால் மட்டுமே நகரவும் கூடிய வகை) நெரிசலில் ஊர்ந்து பார்க்கச் சொன்னேன். நெரிசலில் பெரும்பாலும் மின்மோட்டாரே இழுத்துப்போவதால் தாவலும் இல்லை, சத்தமும் இல்லை. பேட்டரிக்காகப் பின்பக்கச் சாமான் இடம் குறையும், மூன்று சிலிண்டர் இன்ஜின் விழித்துக்கொள்ளும்போது தெரியும், அவ்வளவுதான்.

எதை எடுத்தாலும் டெஸ்ட் டிரைவை மட்டும் நான் செய்ததுபோல் செய்யாதீர்கள் என்றேன். என்னை ஞாயிறு காலை பத்து மணிக்குக் காலியான பைபாஸ் சாலையில் எண்பதில் ஓட்டவிட்டார்கள். நான் வாங்கப்போகும் வண்டி தன் வாழ்நாளில் பார்க்கப்போகாத ஒரு சாலை அது. இழுவையைப் பார்த்து மயங்கிப்போய் அன்றே கையெழுத்துப் போட்டேன்.

மாப்பிள்ளை நேற்று ஷோரூமுக்குத் தொலைபேசியில் பேசி, வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு விஜயநகர் சந்திப்பில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். விற்பனைப் பையன் தயங்கி, "அந்த நேரத்துல அங்க வண்டியே நகராது சார், ஞாயித்துக்கிழமை காலையில வாங்களேன்" என்றானாம். "நகராதுன்னுதான் தம்பி அங்க வரச் சொல்றேன்" என்று சொல்லி வைத்திருக்கிறார். நானும் பின்னிருக்கையில் போகிறேன்.